குங்கிலியம் பூசிய புகைக்குழாய்

எங்கள் வீட்டு அடுப்புக்குப் புகைக்குழாய் வைக்கப் போகிறார்கள் என்று தெரிந்த நாளில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கப்பலுக்கு இருப்பதுபோல எங்கள் ஓட்டுக் கூரைக்கும் ஒரு குழாய் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டேன். எழுபதுகளில் எங்கள் தெருவில் வேறு எந்த வீட்டிலும் அது கிடையாது.

எல்லாம் அம்மாவின் இளைப்புக்காகத்தான். விறகுப் புகை பட்டால் அவளுக்கு மூச்சு இழுக்கும். அவளைப் பார்க்கக் கயத்தாற்றிலிருந்து மாமா வந்திருந்தார். "புகை நின்னாச் சரி. இல்லைன்னா விடிஞ்சதும் தங்கச்சியக் கூட்டிட்டுப் போயிருவேன்" என்று அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அம்மா இல்லாத வீட்டை நினைத்தாலே எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் அப்பா இருக்கும்போது என்ன கவலை?

அப்பா துறைமுகத்தில் தோணிகளுக்குச் சந்து அடைப்பவர். பலகைகளுக்கு நடுவே பஞ்சைத் திணித்து, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தை மேலே பூசுவார். தகரக் குழாயின் இணைப்புகளுக்கும் அதையே செய்தார். களிமண் பூசினால் போதாதா என்று கேட்ட மாமாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"கடல் தண்ணியே உள்ள வராது மச்சான். புகை எங்கன வெளிய வரும்?"

கடலில் யாரும் அடுப்பு மூட்டுவதில்லை என்பது அப்பாவுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

அம்மா அடுப்பைப் பற்றவைத்தாள். வீட்டுக்குள் துளிப் புகை இல்லை. தெருவுக்கு ஓடிப் பார்த்தேன். கூரைக்கு மேலே புகை ஜம்மென்று போய்க்கொண்டிருந்தது. கைகொட்டிக் குதித்தேன். எல்லாம் உலை கொதிக்கும்வரைதான். குழாய் சூடேறியதும் குங்கிலியம் உருகி ஒழுகியது, பிறகு பஞ்சு பற்றிக்கொண்டது. வீடு முழுக்கக் கோயில் மணம், கண் தெரியாத புகை.

பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "ஏளா, இன்னைக்கு என்ன விசேஷம்? தெருவெல்லாம் மணக்கு" என்று அம்மாவைக் கேட்டாள்.

அப்பாவோ ஈரச் சாக்கைச் சுற்றி, உருகும் இணைப்பை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். விடவே இல்லை. அம்மாதான் இருமிக்கொண்டே அவரை வெளியே இழுத்து வந்தாள். இருமல் அடங்கியதும் அவருடைய வெந்த உள்ளங்கையைப் பிடித்து ஊதினாள். மாமா அவளுடைய துணிப்பையை எடுத்துவந்து வாசலில் வைத்தார்.

"நீங்க போங்கண்ணே. நான் வரலை" என்றாள் அம்மா.

மறுநாள் காலையில் மாமா தனியாகப் பஸ் ஏறினார். அப்பா கையில் கட்டுடன் களிமண் குழைக்க உட்கார்ந்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் ஒன்று மட்டும் இடித்தது. புகை நின்றால்தான் அம்மா இருப்பாள் என்பது பேச்சு. புகை நிற்கவில்லை, அம்மா இருந்துவிட்டாள். பெரியவர்கள் யாருமே சொன்ன சொல்லைக் காப்பாற்ற மாட்டார்கள் என்று அன்று முடிவு செய்துகொண்டேன்.