தொமாஸ் சாமி முடிக்காத வாக்கியம்

செவ்வாய்க்கிழமை காலை, பாகூரில் ஒரு காதுகுத்து வீட்டுக்கு ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தேன். கோயில் உபதேசியார் போன் செய்தார். "சாமி போயிட்டாருபா." எந்தச் சாமி என்று நான் கேட்கவில்லை. செலியமேட்டுப் பக்கம் சாமி என்றால் தொமாஸ் சாமிதான். இங்கிலாந்தில் பிறந்து, வாலிபத்தில் இங்கே வந்து, இங்கேயே கிழவரான பாதிரியார். ஏணியிலிருந்து இறங்கி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மைக் செட் போடுகிறவன் நான். அவர் பிரசங்கம் ஒன்றைக்கூட நான் தவறவிட்டதில்லை. எங்களைப் போலவே பேசுவார். "பாவசங்கீர்த்தனத்துக்கு வர்றவன்லாம் பக்கத்து வூட்டுக்காரன் பாவத்தையே சொல்றான்பா. இவன் பாவம் தெரியணும்னா நான் பக்கத்து வூட்டுக்காரனைத்தான் கூப்டணும்" என்பார். கோயிலே குலுங்கும்.

கல்லறை அடக்கத்திலும் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. ஜெபம் முடிந்ததும் இறந்தவரைப் பற்றி ஒன்று சொல்வார். கோழியே உயிராக இருந்த லூர்தம்மாளைப் புதைத்த அன்று, "இந்நேரம் மோட்ச வாசல்ல நின்னுக்கினு, உள்ள கோழி வளக்க வுடுவீங்களான்னு கேட்டுக்கினு இருப்பாங்கோ" என்றார். அழுதுகொண்டிருந்த மகளே சிரித்துவிட்டாள்.

பிறகு என் தம்பி அந்தோணி லாரியில் அடிபட்டுச் செத்தான். குடிக்கிறான் என்று அவனை வீட்டை விட்டுத் துரத்தியவன் நான். கல்லறையில் சாமி மைக்கைப் பிடித்தார். "அந்தோணி என்கிட்ட நூறு பொய் சொல்லிக்கிறான். ஒரே ஒரு உண்மை சொன்னான். அது அவங்க அண்ணனைப் பத்தி..."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறிவிட்டது. பயமும்தான், மறைப்பானேன்? மைக்கை அணைத்துவிட்டேன்.

சாமி என்னிடம் வந்தார். "இன்னாபா, வயரு கட்டாயிடுச்சா?" என்றார். "ஆமா சாமி" என்றேன். தோளில் தட்டிவிட்டுப் போனார். அதற்கப்புறம் எந்த அடக்கத்திலும் அவர் அப்படிப் பேசவில்லை. ஜெபத்தோடு நிறுத்திக்கொள்வார். வயசாகிவிட்டது என்றார்கள் ஊரில். காரணம் எனக்குத் தெரியும். எந்த வீட்டில் மைக்கைப் போட்டாலும் முதலில் வரும் இரைச்சலில், "அவங்க அண்ணனைப் பத்தி" என்ற குரல் கேட்கும். வேலைக்கு வரும் பையன்களிடம் சொன்னால் என்னைப் பைத்தியம் என்பார்கள்.

போன ஞாயிறு சாமி படுத்திருந்த அரியூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன், தம்பி சொன்னதைக் கேட்டுவிடுவது என்று. கட்டிலில் துரும்பாகக் கிடந்தார். "வாபா. நாலு டாக்டரு, நாலு வியாதி சொல்றாங்கோ. நான் இன்னா பண்ணுவேன், ஒண்ணுலதான சாவ முடியும்?" என்றார். சிரித்துவிட்டேன். சிரித்த வாயால் அதைக் கேட்க முடியவில்லை. அடுத்த வாரம் கேட்கலாம் என்று வந்துவிட்டேன். பாவி நான்!

நேற்று அடக்கம். பிஷப்பின் மேற்றிராசனத்திலிருந்து வந்த பெரியவர் சாமியின் தியாகத்தைப் பற்றி நன்றாகவே பேசினார். யாரும் சிரிக்கவில்லை. குழிக்குள் பெட்டியை இறக்கினார்கள். ஊருக்கெல்லாம் மைக் கட்டியும் ஒரு நாளும் அதில் பேசாதவன், எழுந்து போய்க் கையில் எடுத்தேன்.

"சாமி, அன்னிக்கு வயரு கட்டாவல. நான்தான் அணைச்சேன். என் தம்பி என்னைப் பத்தி இன்னா சொன்னான்னு கேக்க எனக்குத் தைரியம் இல்ல. நீங்க போங்க. மிச்சத்தை நான் அங்க வந்து கேட்டுக்கறேன்."