முள் நிறைவில் நின்ற அம்பர்நாத் பயணம்

பழைய கார்களில் அம்பர்நாத் கோயில் வரை போய்வர நினைக்கும் நண்பர்கள் சிலர் வழி விசாரித்திருந்தார்கள். சொல்கிறேன். கூடவே, அறுபதுகளின் நடுவில் அதே சாலையில் நான் போன ஒரு நாசமாய்ப் போன பயணத்தையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்போது நானும் அண்ணனும் தாராவியில் குடியிருந்தோம். அண்ணன் குவைத்துக்குக் கப்பல் ஏற முடிவு செய்ததும் அம்மா சண்டை போட்டாள். "போனா எம் மூஞ்சில முழிக்காத" என்று சொல்லிவிட்டு அம்பர்நாத்தில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். போன இடத்தில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டு. கப்பலுக்கு முந்தின நாள் மனம் இறங்கி, பிள்ளை தலையில் கைவைத்து ஜெபம் பண்ணி அனுப்பவேண்டும் என்று ஆள் விட்டாள். அந்தக் காலோடு லோக்கல் ரயிலில் ஏற்ற முடியாது. கிங்ஸ் சர்க்கிள் பக்கம் குடியிருந்த என் ஆபீஸ் மேலதிகாரியிடம் கார் கேட்டேன். மறுக்காமல் தந்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் போனபோது அவர் பூஜையில் இருந்தார். அவர் மனைவிதான் சாவியைக் கொடுத்தார். "பெட்ரோல் நிறைஞ்சிருக்கு. வழியில பாத்துக்கோங்கோ" என்றார். சாவியைத் திருகினேன். பெட்ரோல் காட்டும் முள்ளும் நிறைவுக் கோட்டில் போய் நின்றது.

சயான், முலுண்ட், தாணே, கல்யாண், உல்லாஸ்நகர், அம்பர்நாத். ஏறக்குறைய முப்பத்தைந்து மைல். தாணே வரை லாரி நெரிசல் உயிரை வாங்கும், பிறகு குண்டும் குழியும்தான். கல்யாணில் பெட்ரோல் பங்க் கண்ணில் பட்டும் நிறுத்தவில்லை. நிறைந்த டாங்கில் எங்கே ஊற்றுவது?

கப்பல் மூன்று மணிக்கு. அம்மாவைப் பின் சீட்டில் கால் நீட்டி உட்காரவைத்துத் திரும்பினேன். உல்லாஸ்நகர் தாண்டியதும் வண்டி இருமிக்கொண்டே நின்றது. பிளக்கைக் கழற்றித் துடைத்தேன். கார்புரேட்டரைத் தட்டினேன். பாட்டரி ஒயரை இறுக்கினேன். பெட்ரோலைத் தவிர எல்லாவற்றையும் சந்தேகப்பட்டு ஒன்றரை மணி நேரத்தைத் தொலைத்தேன். கடைசியில் அம்மாதான் சொன்னாள்: "ஏலே, மண்ணெண்ண டின்ன ஆட்டிப் பாக்க மாதிரி வண்டிய ஒரு ஆட்டு ஆட்டிப் பாரேம்ல."

ஆட்டினேன். டாங்கில் ஒரு சொட்டுச் சத்தம் இல்லை. அடியில் கிடந்த மிச்சம்தான் அதுவரை இழுத்து வந்திருக்கிறது. லாரி ஒன்றில் தொற்றிக் கல்யாண் போய் டின்னில் பெட்ரோல் வாங்கி வந்து ஊற்றி, பாலர்ட் பியர் துறைமுகம் போய்ச் சேர்ந்தபோது கப்பல் போய்விட்டிருந்தது. அம்மா காரைவிட்டு இறங்கவில்லை. தண்ணீரைப் பார்த்தபடி வாய்க்குள் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாள்.

காரைத் திருப்பிக் கொடுக்கும்போது மேலதிகாரி முகம் சுளித்தார். "நிறைஞ்சிருக்குன்னு ஆத்துல சொன்னாளே, தமிழ் தெரியாதா நோக்கு?" அவர்கள் வீட்டில் அரிசியோ எண்ணெயோ தீர்ந்தாலும் தீரப்போனாலும் 'இல்லை' என்று வாயால் சொல்லமாட்டார்களாம், அபசகுனம். 'நிறைஞ்சிருக்கு' என்பார்களாம். எங்கள் பக்கம் நிறைந்தால் நிறைந்ததுதான். அவர்களுக்கு நல்ல சகுனம், கெட்டது எனக்கு.

முள்ளின் கதை, பிறகு அதே காரைத் தாராவியில் ஒரு மெக்கானிக் கழற்றிப் பார்த்தபோது தெரிந்தது. டாங்கிலிருந்து வரும் ஒயர் அறுந்திருந்தது. அந்த வகைக் காரில் ஒயர் அறுந்தால் முள் நிறைவுக்குப் போய்விடும். நீங்கள் சோதிக்க நினைத்தால், டாங்க் பக்க ஒயரைக் கழற்றுங்கள், முள் ஏறவேண்டும். அதை, டாங்கின் வாயிலிருந்து தள்ளி, வண்டியின் இரும்பில் தொடுங்கள், இறங்கவேண்டும். இரண்டும் நடந்தால் முள் சரி, டாங்குக்குள் இருக்கும் மிதவைதான் கோளாறு. சில வண்டிகளில் இது தலைகீழ், முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். எதுவானாலும் கிளம்புமுன் ஒரு குச்சியை டாங்குக்குள் விட்டுப் பாருங்கள். யார் வாய்ச்சொல்லையும் நம்பாதீர்கள்.

அண்ணன் ஊர் திரும்பியபோது அம்மாவை அடக்கம் செய்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அம்மா கோபத்தில்தான் வராமல் இருந்தாள் என்றே அத்தனை காலமும் நினைத்திருக்கிறான். கடிதத்தில் எழுதிப் புரியவைக்க முடியாது என்று விட்டிருந்ததை இப்போது ஒன்று விடாமல் சொன்னேன், முள்ளையும் ஒயரையும் அந்தச் சொல்லையும். பொறுமையாகக் கேட்டுவிட்டு என் தோளில் கைவைத்தான்.

"போதும்ல. என்னத் தேத்தணும்னு இவ்வளவு பெரிய பொய்யா சொல்லணும்?" என்றான்.