மூடிய ரயில்வே கேட்

அரியலூரில் எங்கள் வீட்டுக்கும் நான் ஆசிரியையாக இருக்கும் பள்ளிக்கும் நடுவே ரயில்வே கேட். சரியாக நான் கிளம்பும் நேரத்துக்குத்தான் அதை மூடுவார்கள். குனிந்து, கம்பிக்கு அடியில் நுழைந்து போவது என் வழக்கம்.

அன்று ஆறாவது படிக்கும் மகளும் உடன் வந்தாள். "நீ இங்கயே நில்லுடி. ரயில் போனதும் வா" என்று சொல்லிவிட்டு நான் மட்டும் நுழைந்தேன்.

தண்டவாளத்தைக் கடந்து திரும்பினால், அவளும் என் பின்னாலேயே ஓடி வந்துகொண்டிருந்தாள். கூட்ஸ் வண்டி ஊதியபடி நெருங்கிவிட்டது. கேட்மேன் அவளை நோக்கிப் பாய்ந்தார். அதற்குள் வண்டி எங்களுக்கு நடுவே வந்துவிட்டது. கடைசிப் பெட்டி கடக்கும்வரை அவள் உயிரோடு இருக்கிறாளா என்றே தெரியவில்லை.

இருந்தாள், கேட்மேனின் பிடியில். ஓடிப்போய் முதுகில் ஓங்கி அடித்தேன். "சொன்னா கேக்க மாட்டியா, சனியனே!"

கேட்மேன் குறுக்கே வந்தார். "புள்ளைய ஏன் டீச்சர் அடிக்கிறீங்க? தெனமும் நான் கத்துறேனே, நீங்க கேட்டீங்களா?"

இப்போதெல்லாம் கேட் மூடியிருந்தால் நின்றுவிடுகிறேன். அப்படியும் ரயில் கடக்கும்வரை அவள் என் முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டே நிற்கிறாள். விடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.