கயிற்றில் ஏறிய தண்ணீர்

கிரேன் கேபினிலிருந்து ஒரு நைலான் கயிறு தொங்கும். அதன் நுனியில் வளைத்த கம்பி ஒன்று இருக்கும். மேலே உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டருக்குச் சாப்பாட்டுக் கேரியர், தண்ணீர் பாட்டில், மாற்றுச் சட்டை எல்லாம் அதில்தான் ஏறும். கும்மிடிப்பூண்டியில் நான் வேலைக்குச் சேர்ந்த இரும்பு உருக்காலையில் அந்தக் கேபினை ஆண்டவர் என் அக்காவின் கணவர், என் மச்சான். வருடம் முழுக்க அந்தக் கயிற்றுக்கு ஓய்வே கிடையாது. ரமலான் பிறை தெரிந்துவிட்டால் மட்டும் மாதம் முழுக்க அது பகலில் சும்மா தொங்கும்.

மச்சான் பீற்றல் பேர்வழி. பழவேற்காட்டு வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவருக்குச் சரக்கைப் புகழ்ந்து பேசும் நாக்கு வாய்த்திருந்தது. விற்கச் சரக்கு இல்லாததால் தன்னையே புகழ்ந்துகொண்டார். அதில் முதலிடம் நோன்புக்கு. "வயசுக்கு வந்ததுலேர்ந்து ஒரு நோன்பு உட்டதில்ல நானு" என்பதைக் கேட்காத ஆள் எங்கள் ஆலையில் இல்லை. கலிமா, தொழுகை, நோன்பு, ஜகாத், ஹஜ் என்ற ஐந்து கடமைகளில் மற்ற நான்கும் நோன்பின் மேல் பொறாமைப்படும் அளவுக்குப் பேசுவார். உடன் வேலை செய்தவர்களுக்கும் அதில் ஒரு பங்கு பெருமை உண்டு. அந்த மாதத்தில் அவர் கண்ணில் படும்படி யாரும் டீ குடிக்க மாட்டார்கள். எங்கள் ஃபோர்மேன் கார்த்திகை தவறாமல் சபரிமலைக்கு மாலை போடுகிறவர். விரதத்தின் அருமை தெரிந்தவர் என்பதால், மச்சானின் நோன்புக்கு அவரே காவல்காரர் மாதிரி.

அந்த வருடம் ரமலான் கத்திரி வெயிலில் வந்தது. ஒரு பிற்பகல், உலையிலிருந்து லேடில் என்கிற ராட்சத வாளியில் இரும்புக் குழம்பை வாங்கிக்கொண்டு கிரேன் அச்சு வரிசையை நோக்கி நகர்ந்தது. அச்சுகளின் அருகே ஃபோர்மேனும் ஆட்களும் காத்திருந்தார்கள்; வெப்பம் பார்க்கும் வேலையில் இருந்த நானும் அங்கேதான் நின்றேன். கிரேன் பாதி வழியில் நின்றுவிட்டது. அண்ணாந்து பார்த்தால், மச்சான் தலையை வெளியே நீட்டிக் கட்டைவிரலை வாயருகே கொண்டுபோய்க் காட்டுகிறார். விளையாடுகிறார் என்று நினைத்து ஃபோர்மேன் சிரித்தார். அடுத்து, "தண்ணி!" என்று மேலிருந்து குரல் வந்தது.

பக்கத்திலிருந்தவர் பாட்டிலை எடுத்துவிட்டார். ஃபோர்மேன் அதைப் பிடுங்கிக்கொண்டார். "குடுக்காதய்யா! நோன்புல கீறாரு. வெயிலு மண்டைக்கு ஏறிடுச்சு, இன்னா கேக்குறோம்னு தெரியாம கேக்குறாரு. அந்தப் பாவம் நமக்கு எதுக்கு?"

குழம்பு அதிக நேரம் காத்திருக்காது. வாளியிலேயே இறுகத் தொடங்கிவிடும். மாற்று ஆபரேட்டர் ஓடி வந்து ஏணி ஏறுவதற்குள் மேலே இருப்பவர் மயங்கி, கை தவறான விசையில் விழுந்தால் எங்கள் யாருக்கும் சாம்பல்கூட மிஞ்சாது. அதைவிட என்னை உலுக்கியது வேறொன்று. இந்த மனிதர் வாய்விட்டுத் தண்ணீர் கேட்கிறார் என்றால் விஷயம் சாதாரணமில்லை.

"அண்ணே, தெரிஞ்சுதான் கேக்குறாரு. உசுருக்கு ஆபத்துன்னா எங்க மார்க்கத்துல அதுக்கு எடம் இருக்கு. குடுங்க" என்று பாட்டிலை வாங்கிக் கம்பியில் மாட்டினேன். கயிறு ஏறியது. எல்லோரும் பார்க்க மச்சான் குடித்தார். மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டார். கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தார். பிறகு கிரேன் நகர்வதற்கான சைரன் ஒலித்தது. லேடில் அலுங்காமல் குலுங்காமல் வந்து அச்சுகளை நிரப்பியது.

அவர் இறங்கி வந்தபோது ஃபோர்மேன் முகத்தில் ஈயாடவில்லை. "இத்தினி வருசம் காப்பாத்தின நோன்பு போச்சே பாய்."

"போவல நைனா. கண்ணு இருட்டிக்கினு வந்துச்சு, கை நடுங்குச்சு. கீழ நீ நிக்கிற. நோன்ப பெருநாளுக்கு அப்பால வெச்சிக்கலாம். உன்ன எங்க போயி வெச்சிக்கிறது?"

ஃபோர்மேன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் என் அக்காவின் கணவர் என்பதில் அன்றுபோல் நான் என்றும் பெருமைப்பட்டதில்லை.

மாலை பள்ளிவாசலில் மச்சான் ஒளிக்கவில்லை. கஞ்சிக் கோப்பையை வாங்கும்போதே, "எனக்கு இன்னிக்கு நோன்பு இல்ல, கஞ்சி மட்டும் உண்டு" என்று அறிவித்துவிட்டார். நடந்ததைக் கேட்ட, தொழுகை நடத்தும் ஹஜ்ரத், செய்தது சரிதான், பிறகு ஒரு நாள் நோன்பு வைத்துவிடுங்கள் என்றார். கடைத்தெருக்காரர் ஒருவர் விடவில்லை. "ஒண்ணுகூட உட்டதில்லன்னு மார் தட்டுவீங்களே?" மச்சான் அசரவில்லை. "உட்டேன். இனிமே அதையும் சேத்துச் சொல்லுவேன்." சொன்னபடியே சொல்லிக்கொண்டும் திரிந்தார்.

வேத சட்டம் என்றாலே செய், செய்யாதே என்ற அதட்டல்தான் என்று நினைப்பவர்களை நிறையப் பார்க்கிறேன், எங்களவர்களிலும் உண்டு. சர்க்கரை எகிறினாலும் நோன்பை விட மாட்டேன் என்று அடம் பிடிப்பதைப் பக்தி என்று எண்ணுகிறார்கள். குர்ஆன் நோன்பைக் கடமையாக்கிய அதே இடத்திலேயே, நோயாளியும் பயணியும் வேறு நாட்களில் வைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. இறைவன் உங்களுக்கு இலகுவையே விரும்புகிறான் என்கிறது. கடமையை ஏற்றுக்கொண்டு சலுகையை மறுக்க நாம் யார்? சட்டத்தைப் பாதியில் நிறுத்திப் படிப்பது பணிவு ஆகாது.

பெருநாள் முடிந்து ஒரு சாதாரண வேலை நாள். ஃபோர்மேன் வழக்கம்போல் கம்பியில் பாட்டிலை மாட்டி அனுப்பினார். அது தொடாமல் திரும்பி இறங்கியது. ஊரில் யாருக்கும் நோன்பில்லாத அந்த நாளில் மச்சான் தனியாக நோன்பிருந்தார். ஃபோர்மேன் தன் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு பழைய இரும்புக் குவியலுக்குப் பின்னால் போய்ச் சாப்பிட்டார்.

மச்சான் இப்போது ஓய்வில் இருக்கிறார். டாக்டர் நோன்பைத் தடுத்துவிட்டதால், ஒவ்வொரு நோன்புக்கும் ஈடாக ஓர் ஏழைக்குச் சாப்பாடு கொடுக்கிறார். அக்காவின் சமையலைத் தன் சமையலாக்கிப் பீற்றிக்கொள்கிறார். நான் ஷிப்ட் பொறுப்பாளன் ஆகிவிட்டேன். ரமலான் மாசிக்கு நகர்ந்துவிட்டாலும் உலைக்கு ஏது மாசி? செவ்வாப்பேட்டையிலிருந்து ரயிலில் வரும் இப்போதைய ஆபரேட்டரும் நோன்பாளி. இந்த ரமலானின் முதல் நாள் நான் கம்பியில் பாட்டிலை மாட்டியதும் மேலிருந்து, "சார், நான் நோன்பு!" என்று கத்தினார். "தெரியும். மேலயே இருக்கட்டும்" என்றேன். ஷிப்ட் முடிந்து அதே பாட்டில் நிறைந்தபடி கயிற்றில் இறங்கி வந்தது. கழற்றி, ஏணியில் இறங்கி வந்த அவர் கையிலேயே கொடுத்தேன். நோன்பு திறக்கும் நேரத்துப் பாங்கு கேட்டுக்கொண்டிருந்தது.