தேதி இல்லாத பதினொரு நாட்கள்

நேற்று மகனின் கல்லூரியிலிருந்து கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது: வருகை எழுபத்தாறு சதவீதம், கவனிக்கவும். "எந்தெந்த நாள்டா போவல?" என்று கேட்டேன். "அதெல்லாம் ஆப்புல காட்டாதுப்பா, பர்சன்டேஜ் மட்டுந்தான்" என்றான். எனக்கு வந்த கோபம் அவன்மேல் அல்ல. அந்த அட்டவணையை வடிவமைத்த ஆள்மேல். ஒரு காலத்தில் அந்த ஆளாக நான் இருந்தேன்.

சிதம்பரம் மேலவீதியில் ஒரு மாடியில் அக்கா வீட்டுக்காரர் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார். பிரிண்டர் ரிப்பனின் மை வாசனையோடு கீழே மெஸ்ஸில் கொதிக்கும் சாம்பார் வாசனையும் ஏறி வரும். நான் கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வந்தேன். ஏறிய நேரம், இறங்கிய நேரம், உட்கார இடம் கிடைத்ததா என்பது வரை டைரியில் எழுதுவேன். மாமாவுக்கு அது தீராத கேலி.

பக்கத்து பாலிடெக்னிக்கின் வருகைப் பதிவைக் கணினியில் ஏற்றும் வேலை வந்தது. ஒரு மாணவர், ஒரு தேதி, ஒரு வரி என்று திட்டம் போட்டுக் காட்டினேன்.

"இது என்ன மச்சான், உன் டைரியா? நாளுக்கு ஒரு வரின்னா டிஸ்க்கு தாங்குமா? ஆளுக்கு ஒரு வரி, முப்பத்தொரு கட்டம். மாசம் முடிஞ்சா மொத்தத்த மட்டும் எடுத்துக்க, அதுமேலயே அடுத்த மாசத்த ஏத்து."

"யாராவது தேதி கேட்டா மாமா?"

"யாரு கேக்கப் போறாங்க? போயி டீ சொல்லு."

டீ சொன்னேன். அவர் சொன்னபடியே செய்தும் கொடுத்தேன். எதுவும் எழுதாத கட்டத்தையும் 'வரவில்லை' என்றே எண்ண வைத்தது மட்டும் என் சொந்த மூளை. பாலிடெக்னிக் அலுவலகத்துக்கு ஏகப்பட்ட சந்தோஷம். கம்ப்யூட்டர்தான் வந்துவிட்டதே என்று, வகுப்பில் எடுத்த பதிவேடுகளை எடைக்குப் போட்டு அலமாரியைக் காலி செய்தார்கள்.

பருவத் தேர்வு நெருங்கியபோது, கீரப்பாளையத்திலிருந்து வந்து படித்த தமிழரசிக்கு வருகையில் பதினொரு நாள் குறைந்தது. தேர்வு எழுத முடியாது. நான் அச்சிட்ட தாள்களைக் கொடுக்கப் போன அன்று அவள் அலுவலகக் கண்காணிப்பாளர் மேசை முன்னால் நின்றிருந்தாள். கையில் செய்முறை நோட்டு. பக்கத்துக்குப் பக்கம் தேதியும் ஆசிரியர் கையெழுத்தும்.

"எந்தெந்த நாளு சார் நான் வரல? அத மட்டும் சொல்லுங்க. நடுவுல என்னைய வேற செக்‌ஷனுக்கு மாத்தினாங்க. ரெண்டு வாரம் எந்த லிஸ்ட்லயும் என் பேரு இல்ல."

"உன் நோட்டுல தேதி இருக்கு, கம்ப்யூட்டர்ல இல்ல. எத எதோட வச்சிப் பாக்குறது? மிஷினுக்கு உன்மேல என்னம்மா கோவம், பொய் சொல்ல?"

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்கதான சார் இத செஞ்சீங்க. உங்களுக்குமா தெரியாது?"

தெரியாது. அந்தக் கட்டங்களின்மேல் அடுத்த மாதம் ஏறி உட்கார்ந்துவிட்டது. பெயர் விட்டுப்போன நாட்கள் வராத நாட்களாக எண்ணப்பட்டிருக்கும், தவறு எங்களுடையது என்றேன். "எழுதிக் குடுப்பியாப்பா?" என்றார் கண்காணிப்பாளர். பஸ்ஸில் இடம் கிடைத்ததைக்கூட எழுதி வைக்கிற நான், மாமாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

மாமா கறாராகச் சொன்னார். "எழுதிக் குடுத்தா வேலை போயிடும் மச்சான். ஆறு மாசம் கழிச்சி எழுதிட்டுப் போறா."

ஆறு மாதம் கழித்தும் அவள் எழுத வரவில்லை.

அந்தத் தேர்வு முடிந்த விடுமுறையில், யாரையும் கேட்காமல், ஒரே பிற்பகலில் புதிய அட்டவணை போட்டேன். ஒரு மாணவர், ஒரு தேதி, ஒரு வரி. எழுதாத நாள் எழுதாத நாளாகவே நிற்கும். டிஸ்க் தாங்கியது, கால்வாசிகூட நிறையவில்லை.

சென்டர் இன்று இல்லை. அந்த மாடியில் கைபேசி பழுது பார்க்கிறார்கள். பாலிடெக்னிக்கின் கணினியும் எடைக்குப் போயிருக்கும். போகட்டும். புதிய அட்டவணையில் பெயர்களை ஏற்ற அலுவலகத்தில் பட்டியல் வாங்கியபோது, தமிழரசியின் பெயரைச் சிவப்பு மையால் அடித்திருந்தார்கள். எந்தத் தேதியில் அடித்தார்கள் என்று அதிலும் எழுதவில்லை.