உலர்ந்த கட்டும் நிறைந்த பையும்

சிறுநீரகத்தில் வைத்த குழாய் வடியாவிட்டால் முதலில் மடிப்பைப் பார்க்க வேண்டும், பிறகு உப்புநீரை மெதுவாகச் செலுத்த வேண்டும், போகாவிட்டால் நிறுத்திவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே. இதுதான் விதி. உத்தியோக காலம் முழுவதும் நான் விதியை நம்பியவன். ஆவி, அற்புதம், புதுமை எதையும் நம்பியதில்லை. அவற்றுக்கான படிவத்தை எந்தக் கந்தோரும் எனக்குத் தரவில்லை. ஆகவே நீங்கள் இதை நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை.

போர் முடிந்த மீள்குடியேற்றக் காலம். மன்னார்ப் பகுதியில், அடம்பன் பக்கத்தில் ஒரு சிறு அரசாங்க மருந்தகத்துக்கு நான் பொறுப்பு. கட்டுக்கரைக் குளம் நிரம்பி வான் பாய்ந்து வீதியெல்லாம் வெள்ளமாக இருந்த ஒரு காலையில், திரேசாவை அவருடைய கணவர் அருளப்பு டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்தார். தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பியவர்கள். ஒரு சிறுநீரகத்தை அங்கேயே எடுத்துவிட்டார்கள். மிச்சமிருந்ததைக் கல் அடைத்ததால் யாழ்ப்பாணத்தில் முதுகு வழியாகக் குழாய் வைத்திருந்தார்கள். இப்போது காய்ச்சல், நடுக்கம், முந்தின நாளிலிருந்து பை வெறுமை. அந்த ஒன்றும் போனால் என்னவாகும் என்று இருவருக்கும் தெரியும்.

பை எங்கே என்று பார்த்தால் சேலைக்குள், நெஞ்சுக்குப் பக்கத்தில்.

"பஸ்ஸில போனா சனம் பாக்குது ஐயா, வெக்கமாக் கிடக்கு."

"மூத்திரத்துக்கு வெக்கமும் தெரியாது, மேல ஏறவும் தெரியாது பிள்ளை" என்றேன்.

மடிப்பில்லை. உப்புநீர் உள்ளே போகவில்லை. முதுகில் போட்ட கட்டு உலர்ந்திருந்தது, உலர்ந்த கட்டைப் பிரிக்க எனக்கு அனுமதி இல்லை. வெள்ளத்தில் அம்புலன்ஸ் வராது என்றார்கள். அதே டிராக்டரில் மன்னாருக்குப் புறப்பட்டோம், நான் பின்பெட்டியில் திரேசாவுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து பையைத் தாழப் பிடித்துக்கொண்டேன், அவர் கண்ணை மூடிச் செபமாலை சொல்லிக்கொண்டு வந்தார்.

பாலத்தை நெருங்கும்போது என் உள்ளங்கையில் சூடு பட்டது. பார்த்தால் பை நிறைந்துகொண்டிருக்கிறது. தெளிந்த மஞ்சள். எனக்கு ஒரே பெருமை. எல்லாம் பை வைத்த இடத்தின் பிழைதான் என்று வழி முழுக்கப் பிரசங்கம் செய்தேன்.

"ஐயாவுக்கு வாய் ஓயாது" என்றார் அருளப்பு திரும்பாமலே. "பரவாயில்லை, பை நிறைஞ்சால் சரி."

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டொக்டர் கட்டைப் பிரித்தார். குழாய் முழுவதும் துணிக்கடியில் சுருண்டு கிடந்தது, நுனியும் காய்ந்திருந்தது. முதுகில் இருந்த துவாரம் ஏற்கெனவே மூடிவிட்டது. அவர் பையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"குழாய் உள்ளுக்கையே இல்லை ஐயா. அப்ப இது எங்கயிருந்து வந்தது?"

நான் பையை இன்னும் இடுப்புக்குக் கீழேயே பிடித்துக்கொண்டிருந்தேன்.

அன்றே யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். புதுக்குழாய் வைத்ததும் முதலில் வந்தது சீழ்தான். இவ்வளவு சீழோடு சிறுநீரகம் எப்படித் தாங்கியது என்று அங்கே அதிசயப்பட்டார்களாம். திரேசா இன்றும் சுகமாக இருக்கிறார்.

பையில் இருந்ததில் கொஞ்சத்தைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தேன். பக்தியால் அல்ல, அது நான் செலுத்தப் பார்த்த உப்புநீர், அல்லது மழைத்தண்ணீர் என்று யாராவது எழுதித்தந்தால் நிம்மதியாக இருக்கும் என்பதால். பதில் வரவில்லை. நினைவூட்டல்கள் அனுப்பினேன், பிரதிகளோடு. வெள்ளம் வற்றி, சிறுபோக நெல்லும் வெட்டி முடிந்தது. அந்தச் சூடு மட்டும் கையை விட்டுப் போகவில்லை. இப்போதும் சில வேளைகளில் உள்ளங்கையை விரித்துப் பார்க்கிறேன்.

கடைசியில் ஒரு வரி வந்தது: சிறுநீர், சீழ் இல்லை, கிருமி இல்லை, நல்ல சுகதேகியுடையது. யாருடையது என்று அதில் இல்லை. அது என் மேசைக்கு வந்தது நவம்பர் இரண்டாம் திகதி, மரித்த சகல ஆத்துமாக்களின் திருநாள்.