கேக் அட்டையில் எழுதியிருந்த உப்பு

உப்புப் போடாத துவரம்பருப்பு வேகும்போது ஒரு வாசனை வரும். மழையில் நனைந்த சாக்கை அடுப்போரம் காயப்போட்டால் வருமே, கிட்டத்தட்ட அது மாதிரி. உப்பு விழுந்ததும் அது அடங்கிப் பருப்பு பருப்பாகிவிடும் என்பது சமைக்கிற எல்லோருக்கும் தெரிந்ததுதான். எங்கள் வீட்டில் அந்த வாசனை அடங்காமலே சில வருடங்கள் தகரக் கூரைக்கடியில் சுற்றிக்கொண்டிருந்தது. எண்பதுகளின் நடுவில், சேலத்துக்கு மேலே மலையில், வாழவந்திக்குப் பக்கத்தில் ஒரு காப்பி எஸ்டேட்டில் வேலையாட்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்றில் நாங்கள் இருந்தோம். அப்பா எஸ்டேட் ஜீப் ஓட்டினார். அம்மா காப்பிப் பழம் பறிக்கப் போவாள். நான் ஏழாம் வகுப்பு, தம்பி மணி அப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தான்.

ஒரு மழைக்காலத்துக் காலையில் மணிக்குக் கண் இமைகள் வீங்கியிருந்தன. குளவி கொட்டியிருக்கும் என்று சுண்ணாம்பு தடவினார்கள். வீக்கம் முகத்திலிருந்து வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கிக்கொண்டே போகவும், அப்பா அனுமதி வாங்கி ஜீப்பிலேயே அவனைக் கீழே சேலத்துக்குக் கொண்டுபோனார். மூத்திரத்தோடு உடம்பின் சத்து கழிந்துபோகிற நோய் என்றார் பெரியாஸ்பத்திரி டாக்டர். மாத்திரை கொடுத்தார், சாப்பாட்டில் உப்பே கூடாது என்றார். அம்மா தலையாட்டியதில் அவருக்கு நம்பிக்கை வரவில்லை போலிருக்கிறது. "நோ சால்ட், தெரியுதாம்மா? சால்ட் கூடாது" என்று விரலை ஆட்டி இன்னொரு முறையும் சொன்னார். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எஸ்டேட்டில் புழங்கும் சொற்களை விட்டால், ஆங்கிலத்தில் அவள் கற்றுக்கொண்ட சொல் அது ஒன்றுதான்.

"ஒரே ஊட்டுல ரெண்டு சமையலா? அவன் பாத்துக்கிட்டிருக்க நாம உப்புப் போட்டுத் திங்கறதா?" என்று அன்றைக்கே உப்பு ஜாடியைத் தூக்கிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டாள். அப்பா பஜாரில் டீக்கடை வடையைத் தின்று சமாளித்தார். நான் பள்ளிக்கூட வாசலில் கொய்யாப்பழத்துக்குத் தருகிற உப்பையும் மிளகாய்த்தூளையும் விரலால் வழித்து நக்குவேன். மணிக்கு அப்படி எந்த வழியும் இல்லை. போதாததற்கு அந்த மாத்திரை அவனுக்குப் பசியைக் கிளப்பிவிட்டது. முகம் உருண்டு, கன்னம் பன்போல உப்பி, நாள் முழுக்க அடுப்படியையே சுற்றிவருவான். தட்டு நிறையச் சோறு போட்டால் ருசியில்லை என்று அழுதுகொண்டே அத்தனையும் தின்பான், தின்றுவிட்டு மறுபடியும் பசிக்கிறது என்பான். வேலைக்குப் போய்த் திரும்பிய அம்மா சுவரில் சாய்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

காலையில் எழுந்ததும் அவளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த கண்ணாடிக் குழாயில் மணியின் மூத்திரத்தைப் பிடித்து, துணியைச் சுற்றிக் கையில் பிடித்தபடி ஸ்டவ்வின் சுடரில் காட்டவேண்டும். தெளிவாகவே இருந்தால் நல்லது. வேகிற முட்டையின் வெள்ளை மாதிரித் திரிந்து வந்தால் சத்து கழிகிறது, உடனே கீழே போகவேண்டும். குழாய் தெளிவாக நின்ற நாள்களில் "சரி, இன்னைக்குத் தப்பிச்சோம்" என்று சொல்லிக் கூடையை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போவாள்.

அந்தச் சமயத்தில்தான் எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டர் வீட்டுப் பையனுக்குப் பிறந்தநாள் வந்தது. லைன் வீட்டுப் பிள்ளைகளை எல்லாம் கூப்பிட்டு ஆளுக்கொரு துண்டு கேக் கொடுத்தார்கள். அங்கே உப்புப் போட்ட காரமும் இருக்கும் என்று அம்மா மணியை அனுப்பவில்லை. போய்வந்த பிள்ளைகள் விரலை முகர்ந்து முகர்ந்து காட்டியதில் அவனுக்கு அதே நினைப்பாகிவிட்டது. "என்ற பொறந்தநாளைக்குக் கேக்கு வேணும்" என்று கேட்க ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லை. அம்மா யோசித்துப் பார்த்து, "இனிப்புல உப்பு ஏது? வாங்கிட்டு வாங்க, ஒரு நாளாச்சும் எல்லாரு மாதிரித் திங்கட்டும்" என்று அப்பாவிடம் சொன்னாள்.

முதலாளியின் சாமான்களை ஏற்றிவரக் கீழே போன அப்பா, அட்டைப்பெட்டியில் அடைத்த கேக் ஒன்றை வாங்கிவந்தார். மேலே ரோஜாப்பூப் படமும் பிறந்தநாள் வாழ்த்தும் அச்சடித்த பெட்டி, உள்ளே பளபளவென்று தாள் சுற்றிய செங்கல் போன்ற கேக். கொண்டை ஊசி வளைவுகளில் நசுங்கிவிடாமல் இருக்கப் பெட்டியை வழியெல்லாம் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு வண்டி ஓட்டியிருந்தார்.

அம்மா கேழ்வரகுக் களியைக் கிளறி இறக்கிவிட்டு வருவதற்குள் மணிக்குப் பொறுக்கவில்லை. பெட்டியை என்னிடம் நீட்டி, "என்ன எழுதியிருக்குதுக்கா? எல்லாத்தையும் படி" என்றான். பக்கவாட்டில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இருந்ததை நான் எழுத்துக்கூட்டிப் படித்து, தெரிந்தவரைக்கும் தமிழில் சொன்னேன். கோதுமை மாவு என்றதும் "உம்" என்றான். சர்க்கரை என்றதும் எச்சில் விழுங்கினான். தாவரக் கொழுப்பு, முட்டை, பால் பவுடர் என்று ஒவ்வொன்றையும் தின்பது போலவே கேட்டுக்கொண்டான். அனுமதிக்கப்பட்ட நிறம் என்று வந்தபோது, "யாருக்கா அனுமதிச்சாங்க?" என்று கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அடுத்த சொல்லையும் வாய்விட்டுப் படித்துவிட்டேன். "சால்ட்."

அடுப்படியிலிருந்து அம்மா வந்தாள். கையில் கிளறுகிற துடுப்பு அப்படியே இருந்தது.

"என்ன கண்ணு சொன்ன?"

"சால்ட்னு போட்டிருக்குதும்மா."

"எத்தன உப்பு?"

பெட்டியை நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். என்னென்ன சேர்த்தார்கள் என்று இருந்ததே தவிர, எது எவ்வளவு என்று எங்கேயும் இல்லை. அந்தக் காலத்துப் பெட்டிகள் அவ்வளவுதான் சொல்லும். அம்மா தாளைப் பிரித்து, ஓரத்தில் ஒரு பொடியைக் கிள்ளி நாக்கில் வைத்துக் கண்ணை மூடினாள். மாதக்கணக்கில் உப்பைத் தொடாத நாக்கு அவளுடையது. இருந்தாலும், "இனிப்புத்தான் தெரியுது, அதுக்குள்ள அது எங்க கெடக்குதோ" என்றாள்.

"ஒரு துண்டு தின்னா என்ன ஆயிரும்? பொறந்தநாளும் அதுவுமா பையன அழ உடாத" என்றார் அப்பா.

"ஏனுங்க, உங்களுக்கென்ன, வாங்கிப் போட்டுட்டீங்க. காலையில கொழாயப் புடிக்கறது நானு."

அப்பா கோபப்படவில்லை. கோபப்பட அவருக்குத் தெம்பு இருந்ததாகத் தெரியவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய், பனி இறங்கிக்கொண்டிருந்த சவுக்கு மரத்தடியில் நின்றார். மணி அழவும் இல்லை, கேட்கவும் இல்லை. கேக்கின் மேல் வைத்த கண்ணை எடுக்காமல் கையை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அடம்பிடித்திருந்தால் அம்மா மறுத்திருப்பாள் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அவள் போய் அரிவாள்மனையைக் கழுவி எடுத்துவந்தாள். ஒரு விரல் கனத்துக்கு ஒரு துண்டு அரிந்து அவன் கையில் வைத்து, "மெதுவாத் தின்னு சாமி" என்றாள். அவன் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்து, ஒவ்வொரு துணுக்கையும் வாயிலேயே கரையவிட்டுத் தின்றான். பாயில் சிந்தியதையும் ஒற்றி எடுத்துக்கொண்டான். மீதியை அம்மா லைன் வீட்டுப் பிள்ளைகளுக்கு வெட்டிக் கொடுத்துவிட்டாள். நாங்கள் யாரும் அதை வாயில் வைக்கவில்லை.

மறுநாள் குழாய் தெளிவாகத்தான் இருந்தது, அதற்கடுத்த நாளும். அந்த வாரக் கடைசியில் அவனுக்குச் சளி பிடித்துக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்ட காலையில் குழாய் முழுக்க வெள்ளையாகத் திரிந்து நின்றது. ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைக்காமல் தரையில் பாய் விரித்துக் கிடந்தோம். இந்த முறை வீக்கம் நெஞ்சுவரை ஏறி, அவன் மூச்சு வாங்குவது பக்கத்துப் பாய்க்காரர்களுக்கும் கேட்டது. டாக்டர் வந்து குனிவதற்கு முன்பே அம்மா எழுந்து நின்று, "நான்தானுங்க குடுத்தேன். கேக்கு. அதுல சால்ட் இருந்துச்சுங்க. தெரிஞ்சேதானுங்க குடுத்தேன்" என்றாள். அப்பா பின்னாலிருந்து, "வாங்கிட்டு வந்தது நானுங்க" என்றார். டாக்டருக்கு அன்றைக்கு நூறு நோயாளிகள். அவர் இரண்டு பேரையும் பார்த்தார், ஊசிக்கு எழுதிக்கொடுத்துவிட்டு அடுத்த பாய்க்குப் போய்விட்டார். ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மணி பிழைத்தான். இன்னும் சில முறை வந்து போன அந்த நோய், அவன் மீசை அரும்புகிற வயதில் தானாகவே விட்டுப்போய்விட்டது. அம்மா கடைசியில் உப்பு வாங்கிச் சமைத்த அன்று நாங்கள் யாருமே அதைக் கொண்டாடவில்லை. சாப்பிட்டோம், படுத்துக்கொண்டோம். ஆனால் அந்தத் துண்டு கேக்கை அம்மா மட்டும் விடவில்லை. வருடங்கள் கழித்து, குழந்தை வைத்தியர் ஒருவரிடம் நானே இதைக் கேட்டேன். அந்த நோயைத் திரும்பக் கொண்டுவந்தது சளியாகத்தான் இருக்கும், அந்தத் துண்டில் இருந்திருக்கக்கூடிய உப்பு அதைச் செய்திருக்காது என்றார். அம்மாவிடம் வந்து சொன்னேன். "இருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெற்றிலையைத் துடைத்தாள்.

இப்போது அப்பா இல்லை. லைன் வீடுகளை இடித்த இடத்தில், மலையைச் சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் தங்குவதற்கு வண்ண வண்ணமாக விடுதிகள் நிற்கின்றன. எங்கள் வீடு எந்த விடுதிக்கு அடியில் போயிற்று என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. மணிக்குச் சேலத்தில் வேலை, ஒரு பெண் குழந்தை. போன மாதம் அவளுடைய பிறந்தநாளுக்குக் கடையில் வாங்கிய கேக்கின் உறையில், மாவுச்சத்து எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று கட்டம் போட்டு எழுதியிருந்தது. அந்த வீட்டில் அதை யாரும் படிக்கவில்லை, கிழித்துக் குப்பையில் போட்டார்கள். நான் மணியிடம் அந்தப் பிறந்தநாளைப் பற்றிக் கேட்டேன். "எந்தக் கேக்குக்கா?" என்றான். ஆஸ்பத்திரி ஜன்னலில் வந்து உட்காரும் புறாக்களை நினைவிருக்கிறது, ஊசி நினைவிருக்கிறது, கேக் சுத்தமாக இல்லை என்றான்.

அம்மாவின் மனம் இனியாவது ஆறட்டும் என்று நினைத்து, அவனுக்கு அது நினைவிலேயே இல்லை என்பதை அவளிடம் சொன்னேன்.

"அதோட ருசிகூடவா கண்ணு அவனுக்கு நெனப்பில்ல?" என்று கேட்டாள்.